ராஜராஜன் காசுகளில் வடிவ வேறுபாடுகளைப் படிப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவருக்கு

ஓராண்டுக்கும் மேலாக உட்கார்ந்து, என்னிடம் இருந்த 64 ராஜராஜன் செப்புக்காசுகளை ஒன்பது பாணிகளாகப் பிரித்தேன். ஒல்லி முகம், தடித்த முகம், குட்டைக் கால், எழுத்தில்லாதது என்று ஒவ்வொன்றுக்கும் பெயர்கூட வைத்தேன். அனுபவமுள்ள ஒரு சேகரிப்பாளர் அரை மணி நேரம் பார்த்துவிட்டு அந்த ஒன்பதில் ஏழைக் கலைத்துவிட்டார். நான் பாணி என்று நினைத்தவற்றில் பல, சுத்தியல் சாய்வாக விழுந்ததாலும், காசு கைமாறித் தேய்ந்ததாலும், மண்ணில் அரிக்கப்பட்டதாலும் வந்தவை. காசில் உருவத்தைப் பதிக்கும் அச்சை வெட்டியவரின் கை அவற்றில் எதிலும் இல்லை.

எனக்கு வீணான அந்த ஓராண்டு உங்களுக்கு வீணாக வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கையால் அடித்த எந்தக் காசுக்கும் இந்த முறை பொருந்தும். ஆனால் நான் பழகியது ராஜராஜன் காசில். எனவே எடுத்துக்காட்டுகள் எல்லாம் அதிலிருந்தே வரும்.

1. ஒரே ஒரு வகையை எடுத்துக்கொள்ளுங்கள்

சங்ககாலச் சதுரக்காசு நான்கு, ரோமானியக் காசு இரண்டு, விஜயநகரக் காசு பத்து என்று கலவையாக வைத்துக்கொண்டு பாணியைப் படிக்க முடியாது. ஒப்பிட வேண்டுமானால் ஒரே உருவம், ஒரே எழுத்து, ஒரே உலோகம் கொண்ட காசுகள் நிறைய வேண்டும்.

அதற்கு ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக்காசைவிட நல்ல தொடக்கம் தமிழ்நாட்டில் இல்லை என்பது என் கருத்து. ஒரு பக்கம் கையில் பூவுடன் நிற்கும் உருவம்; அதன் பக்கத்தில் மேலிருந்து கீழாகச் சில குண்டுகள் (சிறு உருண்டைப் புள்ளிகள்), அவற்றின் தலையில் பிறை. மறுபக்கம் கையில் சங்குடன் உட்கார்ந்த உருவம். அதன் கைக்குக் கீழே நாகரி எழுத்தில் (வடமொழிக்குப் பயன்பட்ட எழுத்து) 'ஸ்ரீ ராஜராஜ' என்று ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கும். எடை ஏறத்தாழ 3 முதல் 4.5 கிராம், அகலம் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். இவை ஏராளமாகக் கிடைக்கின்றன, விலையும் குறைவு.

இன்னொரு வசதியும் உண்டு. இதே நிற்கும் உருவத்தையும் உட்கார்ந்த உருவத்தையும் இலங்கையின் பொலன்னறுவை அரசர்கள் எடுத்துக்கொண்டு தங்கள் பெயரில் அடித்தார்கள். அந்த அரசர்களின் ஆட்சிக்காலம் தெரியும். ஆக, உருவம் எப்படி மாறிக்கொண்டு போகிறது என்பதை ஆண்டு தெரிந்த காசுகளை வைத்தே சரிபார்த்துக்கொள்ளலாம். இந்த வசதி எல்லா வகைக் காசுக்கும் வாய்ப்பதில்லை.

2. காசு வாங்கும் முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தியாவில் 100 ஆண்டு பழைமையான காசு தொல்பொருள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம் இதற்குப் பொருந்தும். தொடங்குபவர் நினைவில் வைக்க வேண்டியவை மூன்று.

தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. சிங்கப்பூரில் இருக்கும் நண்பரிடம் கருத்துக் கேட்பதற்காக ஒரு காசைத் தபாலில் போடுவதும் ஏற்றுமதிதான். படத்தை மட்டும் அனுப்புங்கள்.

தொல்பொருள் விற்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு உரிமம் வேண்டும். வாங்கும் இடத்தில் அதைக் கேட்கத் தயங்காதீர்கள். காசின் விவரம், எடை, தேதி, விலை ஆகியவற்றை எழுதிய ரசீது வாங்குங்கள். 'செம்புக் காசு 10' என்று மொத்தமாக எழுதிய ரசீது பின்னாளில் எதற்கும் உதவாது. ஒவ்வொரு காசுக்கும் தனி வரி வேண்டும்.

மூன்றாவது, மண்ணில் கிடைத்தது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ஈர மண் ஒட்டிய காசுக் குவியலைக் காட்டி, 'நேற்று வயலில் கிடைத்தது' என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரே பானையில் கிடைத்த காசுகள் பிரிந்து நாலு பேர் கைக்குப் போய்விட்டால், எந்த அச்சு எந்த அச்சோடு ஒரே காலத்தில் புழங்கியது என்ற சான்று அன்றோடு அழிந்துவிடும். நாம் தேடுவதே அந்தச் சான்றைத்தான்.

இலங்கையில் இருப்பவர்களுக்கு 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் உண்டு. அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ போய்வரும்போது ஒரு காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பலாம் என்று நினைக்காதீர்கள்.

3. கருவிகள், செலவு

பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி ஒன்று. 0.01 கிராம் வரை காட்டும் சிறு மின்னணுத் தராசு ஒன்று. எண் காட்டும் அளவுகோல் இடுக்கி (காலிப்பர்) ஒன்று. கைப்பேசியை அசையாமல் பிடிக்க ஒரு தாங்கி, கழுத்தை வளைக்கக்கூடிய ஒரு மேசை விளக்கு. எனக்கு எல்லாம் சேர்த்து மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. நுண்ணோக்கி வாங்கத் தோன்றும். முதல் ஆண்டில் அது தேவையில்லை. மிகவும் பெரிதாக்கிப் பார்த்தால் அரிப்புக் குழிகள்தான் தெரியும், உருவத்தின் ஓட்டம் தெரியாது.

கண்ணாடியில் 'முப்பது மடங்கு' என்று போட்டு மலிவாக விற்பவற்றை வாங்காதீர்கள். ஓரங்களில் உருவத்தை வளைத்துக் காட்டும் கண்ணாடியில் நேர்க்கால் வளைந்த காலாகத் தெரியும். என் பட்டியலில் இருந்த 'வளைகால் பாணி' அப்படி வந்ததுதான்.

4. எத்தனை காசு, எப்படிப்பட்ட காசு

முப்பது வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் எது வழக்கம், எது விதிவிலக்கு என்று கண்ணுக்குப் பிடிபடாது. நான் வாங்கிய காலத்தில் சுமாரான காசு நூறு, இருநூறு ரூபாய்க்குள் கிடைத்தது. எழுத்து முழுதாக விழுந்தது ஐந்நூறு வரை போனது. விலையுயர்ந்த ஐந்தைவிடச் சுமாரான இருபது இந்தப் படிப்புக்கு உதவும். அழகான காசுகளாகப் பொறுக்கினால் அடி நன்றாக விழுந்தவை மட்டுமே உங்களிடம் சேரும். அடி சரியில்லாத காசு எப்படி இருக்கும் என்று தெரியாமலே போய்விடும்.

பொற்காசுகளைப் பக்கம் தள்ளி வையுங்கள். போலி மிகுந்த இடம் அது.

செப்பிலும் வார்ப்புப் போலி உண்டு. கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி: கையால் அடித்த இரண்டு காசுகளின் ஓரம் ஒருபோதும் ஒன்றுபோல் இருக்காது. வெட்டி எடுத்த வில்லை (அச்சடிக்கும் முன் இருக்கும் வெற்று உலோகத் துண்டு) ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். அடியும் ஒவ்வொரு முறை ஒவ்வோர் இடத்தில் விழும். ஒரே மாதிரி நெளிந்த ஓரமும் அதே இடத்தில் அதே பிளவும் கொண்ட இரண்டு காசுகளைக் கண்டால், இரண்டும் ஒரு வார்ப்பில் வந்தவை, அல்லது ஒன்றைப் பார்த்து மற்றது வார்க்கப்பட்டது. ஓரத்தைச் சுற்றி ஓடும் மெல்லிய இணைப்புக் கோடும், பரப்பில் ஊசி முனை அளவுக் காற்றுக்குழிகளும் அதே எச்சரிக்கைதான்.

5. கழுவாதீர்கள்

செம்பு என்றதும் நம் கை புளியைத் தேடும். எலுமிச்சையும் பாத்திரப் பொடியும் அடுத்து வரும். இவற்றில் எதுவும் காசின் மேல் படக் கூடாது. பளபளவென்று வரும் காசில் அச்சு வெட்டியவரின் உளித் தடமும் சேர்ந்தே கரைந்து போயிருக்கும். நான் தொடக்கத்தில் எட்டுக் காசுகளை அப்படி இழந்தேன். அவற்றின் கண் புள்ளிகளும் வேட்டி மடிப்புகளும் இனித் திரும்பாது.

மண் அடைத்திருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றி, மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குப் பிறகும் போகாத மண் அங்கேயே இருக்கட்டும். கரும்பச்சையாக, கெட்டியாக, வழவழப்பாக இருக்கும் களிம்பு காசைக் காக்கிறது, அதைத் தொடாதீர்கள். வெளிர்பச்சையில் தூளாக உதிரும் களிம்பு காசைத் தின்னும். அந்தக் காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலத்தோடு தனி டப்பாவில் போடுங்கள்.

பி.வி.சி. உறைகளில் காசு வைக்க வேண்டாம். சில ஆண்டுகளில் பச்சைப் பிசுக்கு படியும். பாலியெஸ்டர் உறை சற்று விலை கூடினாலும் அதையே வாங்குங்கள்.

6. படம் எடுப்பது: ஒளி ஒரே பக்கத்திலிருந்து வரட்டும்

இந்த வேலையில் பாதி படத்தில் இருக்கிறது. ஒப்பிடுவதற்கான முதன்மைப் படத்துக்கு விளக்கை எப்போதும் இடது மேல் மூலையில், தாழ்வாக வையுங்கள். ஒரு காசுக்கு இடமிருந்தும் அடுத்த காசுக்கு வலமிருந்தும் ஒளி விழுந்தால், ஒரே மூக்கு ஒன்றில் கூராகவும் மற்றதில் சப்பையாகவும் தெரியும். நான் 64 காசுகளையும் இரண்டாம் முறை படமெடுக்க நேர்ந்தது இதனால்தான். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

ஒவ்வொரு பக்கத்துக்கும் நான்கு திசைகளிலிருந்து ஒளி வைத்து நான்கு படம் எடுங்கள். ஒப்பிடும்போது இடது மேல் படத்தை இடது மேல் படத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். பின்னணி சாம்பல் நிறத் தாளாக இருக்கட்டும். பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். கைப்பேசியின் மின்னொளியை அணைத்துவிடுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும் முறையை முதல் நாளே முடிவு செய்யுங்கள்: காசு எண், நிற்கும் பக்கமா உட்கார்ந்த பக்கமா, ஒளித் திசை. இருநூறு படங்கள் சேர்ந்த பிறகு பெயர் மாற்ற உட்காருவது பெரும்பாடு.

எடை, அதிகபட்ச அகலம், குறைந்தபட்ச அகலம், அச்சுக் கோணம் ஆகிய நான்கையும் அதே நாளில் குறித்துவிடுங்கள். அச்சுக் கோணம் என்பது இதுதான்: நிற்கும் உருவத்தை நிமிர்த்திப் பிடித்து, காசைப் புத்தகத் தாள்போல் பக்கவாட்டில் புரட்டினால், உட்கார்ந்த உருவத்தின் தலை கடிகாரத்தின் எந்த மணியைக் காட்டுகிறது? அந்த எண்ணை எழுதுங்கள்.

7. முகத்துக்கு முன் எழுத்து

நாகரி தெரியாதே என்று தயங்க வேண்டாம். பதினைந்து எழுத்துகள் போதும். ஒரு வாரத்தில் வந்துவிடும். ஸ்ரீ, ரா, ஜ ஆகியவற்றில் தொடங்குங்கள். பிறகு பராக்கிரமபாகு, விஜயபாகு, லீலாவதி, நிசங்கமல்லன், சாகசமல்லன், தர்மாசோகன் ஆகிய பொலன்னறுவை ஆட்சியாளர்களின் பெயர்களுக்கு வேண்டிய எழுத்துகள். நிசங்கமல்லன் காசில் அவன் பெயருக்குப் பதில் 'காளிங்க' என்று தொடங்கும் பட்டம் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

புதியவர்கள் பெரும்பாலும் விழும் குழி ஒன்று இங்கே இருக்கிறது. 1197இல் முதன்முறை அரியணை ஏறிய அரசி லீலாவதியின் காசில் 'ஸ்ரீ ராஜ லீலாவதி' என்று எழுதியிருக்கும். அடி சற்று மேலே ஏறி விழுந்து, கீழ்ப்பகுதி எழுத்து வில்லைக்கு வெளியே போய்விட்டால் உங்களுக்குத் தெரிவது 'ஸ்ரீ ராஜ' மட்டும். உடனே ராஜராஜன் பெட்டியில் போட்டுவிடுவீர்கள். ராஜராஜன் இறந்தது 1014இல். கிட்டத்தட்ட இருநூறு ஆண்டு பிந்திய ஒரு காசை உள்ளே வைத்துக்கொண்டு 'ராஜராஜன் காசில் ஒரு தனிப் பாணி' என்று பக்கம் பக்கமாக எழுத நேரும். என்னிடம் அப்படி மூன்று இருந்தன. இரண்டாம் 'ராஜ' கண்ணுக்குத் தெரியாத எந்தக் காசையும் 'பெயர் உறுதியில்லை' என்ற தனி உறையில் வையுங்கள்.

எழுத்தை முதலில் பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உருவத்தை வெட்டும்போது கைவினைஞர் முன்மாதிரியைப் பார்த்து வெட்டியிருக்கக்கூடும். எழுத்தில் அவரவர் கைப்பழக்கம் எளிதில் வெளிப்படும். 'ஜ' எவ்வளவு சாய்கிறது, தலைக்கோடு எழுத்துகளைச் சேர்க்கிறதா விட்டுவிடுகிறதா, 'ரா'வின் கால் எவ்வளவு நீள்கிறது, கோட்டின் முனை புள்ளியில் முடிகிறதா கூராக முடிகிறதா என்று பாருங்கள். படத்தின் மேல் ஒளி ஊடுருவும் தாளை வைத்து எழுத்தை மட்டும் பென்சிலால் ஒற்றி எடுங்கள். கணினியில் செய்வதைவிட இது நல்லது. ஒவ்வொரு கோட்டையும் கையால் தொடர்ந்து போகும்போதுதான் வெட்டியவர் எங்கே நின்றார், எங்கே திரும்பினார் என்பது பிடிபடுகிறது.

8. சுத்தியல், தேய்மானம், அச்சு: மூன்றையும் பிரியுங்கள்

இந்தப் படியை அவசரமாகத் தாண்டியதுதான் என் ஓராண்டைத் தின்றது. எனவே இங்கே சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

கீழச்சு ஒரு கட்டையில் பதிந்திருக்கும். அதன் மேல் வில்லை. வில்லையின் மேல் கையில் பிடித்த மேலச்சு. அதன் தலையில் சுத்தியல் அடி. அச்சில் வெட்டிய உருவம் முழுவதும் வில்லையில் வந்துவிடும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே காசில் ஓர் உறுப்பு 'இல்லை' என்றால், அது அச்சிலேயே இல்லையா, அடியில் வரவில்லையா, வந்து தேய்ந்ததா, அரித்ததா என்ற நான்கு கேள்விகளையும் கேட்ட பிறகே குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

தேய்மானம் மேடான இடத்தில் முதலில் தொடங்கும். நிற்கும் உருவத்தில் முகமும் தொடையும் முதலில் மழுங்கும். பள்ளத்தில் இருக்கும் எழுத்தின் அடிப்பகுதி கடைசிவரை நிற்கும். மழுங்கிய இடம் வழவழப்பாக, விளிம்பு கரைந்து இருக்கும்.

அடி வராத இடம் வேறு மாதிரி. அங்கே வில்லையின் பழைய சொரசொரப்பு அப்படியே இருக்கும். உடனே காசைத் திருப்பி, அதே இடத்துக்கு நேர் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பின்னால் உட்கார்ந்த உருவத்தின் உடல் ஆழமாக வெட்டப்பட்டிருந்தால் உலோகம் அந்தப் பக்கம் இறங்கிவிடும், முன்பக்கம் நிரம்பாது. என்னுடைய 'மார்பு இல்லாத பாணி' முழுக்க இப்படி வந்தது. ஏழு காசுகளிலும் தட்டையான இடத்துக்கு நேர் பின்னால் மறுபக்கத்தின் மிக மேடான பகுதி இருந்தது.

இரட்டை அடியும் ஏமாற்றும். மேலச்சு துள்ளி மறுபடி விழுந்தால் வேட்டி மடிப்புக் கோடுகள் இரட்டிக்கும்; மூன்று கோடு ஆறாகத் தெரியும். அப்படிச் சந்தேகம் வந்தால் குண்டுகளைப் பாருங்கள். அவையும் எட்டு வடிவில் இரட்டித்திருந்தால் மடிப்பு எண்ணிக்கையை நம்ப வேண்டாம்.

அச்சும் கிழடாகும். ஆயிரக்கணக்கில் அடித்த பிறகு எழுத்தின் ஓரம் சிதைந்து, கோடுகள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டும். ஓரத்தை நோக்கிக் கதிர்போல மெல்லிய வரிகள் ஓடும். 'தடித்த எழுத்துப் பாணி' என்று எழுதும் முன் அந்த வரிகளைத் தேடுங்கள். அச்சின் பள்ளத்தில் அழுக்கு அடைத்தால் ஓர் எழுத்து முழுதாகக் காணாமல் போகும். அதே அச்சின் இன்னொரு காசில் அது இருக்கும்.

ஒவ்வொரு காசுக்கும் ஒரு கட்டம் போட்ட தாள் வையுங்கள். முகம், கண், தலையணி, தோள், இடை வளைவு, வேட்டி மடிப்பு எண்ணிக்கை, பாதம், பூ, குண்டுகளின் எண்ணிக்கை, பிறை, உட்கார்ந்த உருவத்தின் கால் மடிப்பு, சங்கு, எழுத்துகள். ஒவ்வொன்றின் எதிரிலும் 'தெளிவு', 'அடி வரவில்லை', 'தேய்ந்தது', 'வில்லைக்கு வெளியே' என்ற நான்கில் ஒன்றைக் குறியுங்கள். 'தெளிவு' என்று குறித்தவை மட்டும் ஒப்பீட்டுக்கு வரும். ஒரு காசுக்கு இருபது நிமிடம் ஆகும். முப்பது காசுக்குப் பத்து மணி நேரம். இந்தப் பத்து மணி நேரத்துக்குக் குறுக்கு வழி இல்லை.

9. ஒரே அச்சில் அடித்த காசுகளைத் தேடுங்கள்

என்னிடம் 17ஆம் எண் காசும் 41ஆம் எண் காசும் இருந்தன. 17இல் முகம் ஒல்லியாக, மூக்கு நீண்டு, பூ தெளிவாக இருந்தது. 41இல் முகம் வெறும் உருண்டை, பூவே இல்லை. இரண்டையும் எதிரெதிர் பாணி என்று வைத்திருந்தேன். அந்தச் சேகரிப்பாளர் இரண்டு படங்களையும் அருகருகே போட்டுத் தலைகீழாகத் திருப்பினார். "தம்பி, இப்போது முகத்தைத் தேடாதீர்கள். பிறையின் ஒரு முனை மேல் குண்டைத் தொடுகிறதா பாருங்கள்" என்றார். இரண்டிலும் தொட்டது. குண்டுகளில் மேலிருந்து இரண்டாவது மட்டும் சற்று வெளியே தள்ளி நின்றது, இரண்டிலும் அப்படியே. முழங்காலுக்குப் பக்கத்தில் எதற்கும் சேராத ஒரு சிறு கீறல், அதுவும் இரண்டிலும். ஒரே அச்சு. 41இல் பூ இருந்த இடம் வில்லைக்கு வெளியே போயிருந்தது, முகம் தேய்ந்திருந்தது. அவ்வளவுதான்.

தலைகீழாகப் பார்க்கும் பழக்கத்தை அன்றிலிருந்து விடவில்லை. நேராகப் பார்த்தால் நம் மூளை அரைகுறை முகத்தையும் முகமாக நிரப்பிக்கொள்கிறது. தலைகீழாக வைத்தால் கோடும் புள்ளியும் மட்டுமே மிஞ்சும்.

ஒரே அச்சு என்று முடிவு செய்ய, தேய்மானத்தால் மாறாதவற்றை நம்புங்கள். ஓர் உறுப்புக்கும் இன்னோர் உறுப்புக்கும் உள்ள இடைவெளி, கோணம், தற்செயலான கீறல், அச்சு விரிசல் ஆகியவை அப்படிப்பட்டவை. குறைந்தது மூன்று ஒத்துப்போக வேண்டும். கணினியில் ஒரு படத்தைப் பாதி ஊடுருவித் தெரியும்படி ஆக்கி மற்றொன்றின் மேல் பொருத்திப் பார்க்கலாம். இலவச மென்பொருள்களே போதும். ஆனால் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டாம். 64 காசு என்றால் 2,016 இணைகள் வரும். குண்டுகளின் எண்ணிக்கையும் பிறையின் நிலையும் ஒத்தவற்றை முதலில் பிரித்துக்கொண்டால் வேலை பத்தில் ஒன்றாகக் குறையும். எனக்கு உறுதியாகக் கிடைத்தது ஐந்து இணைகள் மட்டுமே. குறைவாகக் கிடைத்தால் சோர்ந்துபோகாதீர்கள்; பெரும் எண்ணிக்கையில் அடித்த காசுக்கு அச்சுகளும் ஏராளமாக இருந்திருக்கும்.

அந்த ஐந்து இணைகளின் பயன் பெரிது. ஒரே அச்சின் இரண்டு காசுகள் எவ்வளவு வேறுபட்டுத் தெரியலாம் என்பதற்கு அவையே அளவுகோல். அந்த அளவைத் தாண்டாத எந்த வேறுபாட்டையும் 'பாணி' என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை.

விரிசல் உள்ள அச்சு கிடைத்தால் அது பெரும் பேறு. விரிசல் வளர்ந்துகொண்டே போகும். சிறு விரிசல் உள்ள காசு முந்தியது. பெரிய விரிசல் உள்ளது பிந்தியது. ஒரு கீழச்சு இரண்டு வெவ்வேறு மேலச்சுகளோடு சேர்ந்திருப்பதைக் கண்டால் அந்த இரண்டு மேலச்சுகளும் ஒரே பட்டறையில் புழங்கியவை என்று துணியலாம். எது முன், எது பின் என்று காசை மட்டும் வைத்துச் சொல்ல நம்பத்தக்க வழி இதுதான்.

10. இப்போது குழு பிரியுங்கள்

ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு கூறுகள் சேர்ந்தே மாறினால் அது குழு. எடுத்துக்காட்டாக, 'ஜ' சாய்ந்திருக்கும் காசுகளில் எல்லாம் வேட்டி மடிப்பு ஒரே எண்ணிக்கையில் இருந்து, 'ஜ' நிமிர்ந்த காசுகளில் அது மாறினால், இரண்டு கைகள் தெரிகின்றன. ஒரே ஒரு கூறை வைத்துக் குழு அமைக்காதீர்கள். எடையை இப்போது எடுத்துப் பாருங்கள், அதற்கு முன் வேண்டாம். எடையை முதலில் பார்த்தால் கண் அதற்கேற்ப உருவத்தைப் பிரிக்கத் தொடங்கிவிடும்.

பிரித்த பிறகு பெட்டியை மூடிவிட்டு இரண்டு வாரம் வேறு வேலை பாருங்கள். பிறகு எண்களை மறைத்து, படங்களைக் கலைத்து, மறுபடி பிரியுங்கள். முதல் முறை வந்த குழுவே வர வேண்டும். என் ஒன்பதில் மிஞ்சிய இரண்டு குழுக்கள் இந்தத் தேர்வில் தேறியவை. காசைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவரிடம் படங்களைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். என் அக்காள் மகள் பத்தாம் வகுப்பு. அவள் எழுத்தை வைத்துப் பிரித்தது என் இரண்டாம் முறையோடு நான்கு காசுகளில் மட்டுமே மாறுபட்டது.

கடைசிக் குழி ஒன்று. கரடுமுரடாக இருந்தால் பிந்தியது, அழகாக இருந்தால் முந்தியது என்று வரிசைப்படுத்தத் தோன்றும். பொலன்னறுவைக் காசுகளை வரிசையாக வைத்தால் கை கால்கள் வெறும் கோடுகளாகவும் முகம் சில கீற்றுகளாகவும் சுருங்கிவருவது உண்மைதான். ஆனால் அங்கே அரசர் பெயர் காலத்தைச் சொல்கிறது. ஒரே பெயருள்ள காசுகளுக்குள் அந்தத் துணை கிடையாது. ஒரே ஆண்டில் தேர்ந்த கை ஒன்றும் பழகாத கை ஒன்றும் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் வேலை செய்திருக்கலாம். விரிசலோ அச்சு இணைப்போ இல்லாமல் முன், பின் என்று எழுதாதீர்கள். 'அ குழு', 'ஆ குழு' என்று மட்டும் எழுதுங்கள்.

11. அருங்காட்சியகத்தில் பார்க்க அனுமதி

உங்கள் முப்பது காசு போதாமல் போகும் நாள் வரும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் படங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். முதலில் அங்கே போங்கள். 1924இல் கொழும்பு அருங்காட்சியகம் வெளியிட்ட காட்ரிங்டனின் இலங்கை நாணய நூல் பொலன்னறுவைக் காசு எழுத்துகளுக்கு இன்றும் உதவும். பெரிய நூலகங்களில் கேளுங்கள். சென்னையில் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும், கொழும்பில் தேசிய அருங்காட்சியகத்திலும் நாணயத் தொகுப்பு உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதை டிக்கெட் எடுத்துப் பார்க்கலாம். உள்ளறையில் இருப்பதைக் கையில் எடுத்துப் பார்க்க எழுத்துபூர்வ அனுமதி வேண்டும்.

விண்ணப்பத்தோடு இவற்றை வையுங்கள்: அடையாள அட்டை நகல், ஒரு கல்லூரியின் அல்லது பதிவு பெற்ற நாணயவியல் கழகத்தின் பரிந்துரைக் கடிதம், எந்தக் காசுகளை எத்தனை நாள் பார்க்க வேண்டும் என்ற ஒரு பக்கக் குறிப்பு, படம் எடுக்க வேண்டுமானால் அதற்குத் தனிக் கோரிக்கை. 'சோழர் காசு பார்க்க வேண்டும்' என்று பொதுவாக எழுதிய என் முதல் விண்ணப்பத்துக்குப் பதிலே வரவில்லை. 'ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக்காசுகள், உட்கார்ந்த உருவப் பக்கம், எழுத்தமைப்பு ஒப்பீட்டுக்காக, இரண்டு நாள்' என்று எழுதிய இரண்டாவதற்கு ஏழு வாரத்தில் பதில் வந்தது. படத்துக்குக் கட்டணம் இருக்கலாம். முன்பே கேட்டு, பணம் கட்டிய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

போகும் நாளில் எழுத்தை ஒற்றி எடுத்த தாள்களையும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டு நாளில் நாற்பது காசுக்கு மேல் ஒழுங்காகப் பார்க்க முடியாது. எழுத்துப் பக்கத்தை மட்டும் முடித்துவிட்டுத் திரும்பினாலும் அது நல்ல வேலை.

12. ஒவ்வொரு காசோடும் ஒரு சீட்டு

கணினியில் எல்லாம் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். கணினி பழுதாகும், காசும் சீட்டும் உறைக்குள் ஒன்றாக இருக்கும். அமிலமில்லாத தாளில் பென்சிலால் எழுதுங்கள். மை காலப்போக்கில் ஊறிப் பரவும். என் உறை ஒன்றில் இருக்கும் சீட்டை அப்படியே தருகிறேன்:

எண் 41. செம்பு. 3.62 கிராம். 19.8 / 18.1 மில்லிமீட்டர். அச்சுக் கோணம் 7 மணி. நிற்கும் பக்கம்: எண் 17 உடன் ஒரே அச்சு (பிறை முனை, 2ஆம் குண்டு, முழங்கால் கீறல்). உட்கார்ந்த பக்கம்: எழுத்தில் மேல் வரி மட்டும் தெளிவு, இணை கிடைக்கவில்லை. முகம் தேய்ந்தது. பூ வில்லைக்கு வெளியே. வாங்கியது மதுரையில், ரசீது எண் தனிக் கோப்பில். விலை 150 ரூபாய். கிடைத்த இடம் தெரியாது.